சிவப்பு விளக்கும் என் அவசரமும்

எங்கள் காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் சுமார் 25 கிலோமீட்டர். குழந்தைக்குத் தடுப்பூசியா, அத்தைக்குக் கண் டாக்டரா, பண்டிகைக்குத் துணியா, எல்லாவற்றுக்கும் சிதம்பரம்தான். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் எங்கள் சின்னக் காரை ஓட்டுவது என் பொறுப்பு.

அன்றைக்கு லால்பேட்டை தாண்டி ஒரு வளைவில் திரும்பினேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்து அணைந்தது. வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி! அடுத்த வளைவிலும் அதே கதை.

"என்னம்மா அது, கண்ணு சிமிட்டுது?" என்றார் பின் சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அத்தை.

ஹேண்ட் பிரேக்கை முழுக்க இறக்காவிட்டாலும் இந்த விளக்குதான் எரியும். எனக்கு அந்த மறதி உண்டு, அதனால் முதலில் அதைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வழியில் ஒரு கடையில் நிறுத்தினேன். அங்கிருந்த பையன் பானெட்டைத் திறந்து பார்த்து, "பிரேக் ஆயில் குறைஞ்சிருக்குக்கா" என்று கொஞ்சம் ஊற்றினான். விளக்கு அணைந்தது. நானும் நிம்மதியாகக் கிளம்பிவிட்டேன். ஏன் குறைந்தது என்று அவனும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சகோதரிகளே, அடுப்பில் சாம்பார் சுண்டுவது போல பிரேக் ஆயில் சுண்டாது. மூடிய குழாய்க்குள் இருப்பது அது. குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் பேட் தேய்ந்திருக்கிறது. முன் சக்கரத்துக்குள் ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதை இரண்டு பக்கமும் பேட்கள் கவ்விப் பிடிப்பதுதான் பிரேக். பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் முன்னால் நகர்ந்துவிடும். பின்னால் காலியான இடத்துக்கு ஆயில் போகும், டப்பாவில் மட்டம் இறங்கும். டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது மிதவை தாழ்ந்து விளக்கு எரியும். மேலே ஊற்றினால் மிதவை ஏறும், விளக்கும் அணையும். பேட் மட்டும் தேய்ந்தபடியே இருக்கும். காலையில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து, உடம்பு தணிந்ததும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோமே, அந்தக் கதைதான்.

மூன்று வாரம் ஓடிற்று. பிரேக் போடும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம். தூசி என்று நினைத்துக்கொண்டேன். குமராட்சி அருகே அறுவடை நேரம், பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே பஸ். பிரேக்கை மிதித்தேன். அம்மியில் கல்லைப் போட்டு அரைத்த மாதிரி கரகரவென்றது! வண்டி நின்றது, நான் நினைத்த இடத்தில் அல்ல. நெல்லின் மேல் ஏறித்தான் நின்றது. காவலுக்கு இருந்த பாட்டி திட்டியது நியாயந்தான். குழந்தை வீரிட்டு அழுதது. எனக்குக் கை நடுக்கம் தீரக் கால் மணி ஆயிற்று.

அதற்கு மேல் ஓட்டவில்லை. அத்தையையும் குழந்தையையும் பஸ் ஏற்றிவிட்டு எங்கள் ஊர் மெக்கானிக் பாய்க்குப் போன் செய்தேன். வந்து சக்கரத்தைக் கழற்றினார்.

"இதப் பாருங்கம்மா. வெளிப் பேட்டு பாதி இருக்கு. உள்ள இருக்கறதுல ஒண்ணுமே இல்ல, வெறும் தகடு. எட்டிப் பாத்தா வெளிப் பேட்டுதான் தெரியும், அதான் ஏமாந்துடுவாங்க."

கவ்வி நகரும் பின் துருப்பிடித்து இறுகினால் இப்படி ஒரு பேட் மட்டும் தேயுமாம். புதுப் பேட் சுமார் 10 மில்லிமீட்டர் கனம். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். கீச் சத்தம் என்பது, தேய்ந்ததும் உரசிக் காட்டட்டும் என்றே பேட்டில் வைத்திருக்கும் சிறு தகடு. நான் தூசி என்று ஒதுக்கியது அதைத்தான்! நல்ல வேளை, தட்டில் லேசாகத்தான் கோடு விழுந்திருந்தது.

உள்ளே இருந்த கரியை பாய் வாயால் ஊதப் போனார். "வேண்டாம் பாய், ஈரத் துணியால துடைங்க" என்றேன். பிரேக் பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது வெகுகால வழக்கம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று பெட்டியில் அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு வாசலில் இந்த வேலை நடந்தால் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஆயில் டப்பாவில் திரும்பி ஏறும். பையன் ஊற்றியது வேறு இருந்ததா, வழிய ஆரம்பித்தது! பாய் ஒரு சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார். பெயிண்டில் பட்டால் அரித்துவிடுமாம். பின்னுக்கு கிரீஸ் போட்டு, இடது வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே பேட் மாற்றினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கடைசியாக, கிளம்பும் முன் பிரேக்கைப் பல தடவை மிதிக்கச் சொன்னார். முதல் மிதிக்கு அது அடிவரை போயிற்று, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலைந்து மிதியில் கெட்டிப்பட்டது. மிதிக்காமல் வண்டியை எடுத்தால் முதல் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. இதை நீங்களே செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்று பாருங்கள், தைரியமாகக் கேள்வி கேளுங்கள்.

பிரேக்குக்கு முதன்முதலில் உறை போட்டது ஒரு பெண்மணிதான் என்பார்கள், தெரியுமா? கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் பிள்ளைகள் இருவரை ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காரில் போனார். வழியில் பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்துபோனது. ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தித் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். அத்தையிடம் இதைச் சொன்னேன். "அம்மா வீடுன்னா எந்த ஊரு பொண்ணுக்கும் ஒரு வேகந்தான்" என்றார்.

இன்னொன்று. சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு ஒரு தரம் எரிந்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கே கெட்டிருக்கலாம். காட்டிவிடுங்கள். அத்தை இப்போதெல்லாம் காரில் ஏறியதும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார். "எரிஞ்சு அணைஞ்சுதாம்மா?" என்று கேட்ட பிறகுதான் கதவைச் சாத்துகிறார்.