இருபதாயிரம் பாடங்கள் மறைந்த கதை

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம், 2007-ல் தன் வகுப்புப் பாடங்களை முழுதாக யூடியூபில் போடத் தொடங்கியது. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. உலகின் எந்த மூலையில் இருந்தும் அந்தப் பேராசிரியர்களின் பாடத்தைக் கேட்கலாம்.

கேட்க முடிந்தவர்கள் கேட்டார்கள். கேட்க முடியாதவர்கள்?

வாஷிங்டனில் காது கேளாதோருக்கென்றே நடக்கும் காலடெட் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள் இருவர் புகார் கொடுத்தார்கள். அதை விசாரித்த அமெரிக்க நீதித்துறை, 2016 ஆகஸ்டில் குறைகளைப் பட்டியலிட்டது. பல வீடியோக்களில் சப்டைட்டில் இல்லை. சிலவற்றில் இயந்திரம் தானாக எழுதிய சப்டைட்டில் தப்பும் தவறுமாக இருந்தது. திரையில் தெரியும் படமும் வரைபடமும் என்னவென்று பார்வையற்றவர்களுக்குச் சொல்ல எந்த ஏற்பாடும் இல்லை.

எல்லாவற்றையும் திருத்தப் பெரும் செலவாகும் என்றது பல்கலைக்கழகம். 2017 மார்ச்சில், 20,000-க்கும் மேற்பட்ட ஆடியோ, வீடியோ பாடங்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுக்கத் தொடங்கியது. வாசல் குறுகலாக இருக்கிறது என்று சொன்னதற்கு வீட்டையே பூட்டியது போலானது. காது கேளாதவர்களுக்குக் கேட்டது கிடைக்கவில்லை. அதுவரை படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இருந்தது போனது. இலவசப் பாடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி தருவதாகப் பல்கலைக்கழகம் நீதித்துறையுடன் உடன்பாட்டுக்கு வந்தது 2022-ல்தான்.

இன்று நம் கல்லூரிகளிலும் ஆசிரியர்கள் கூகுள் கிளாஸ்ரூமிலும் மூடுலிலும் வீடியோ பாடங்களைப் பகிர்கிறார்கள். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், மின்னணு ஊடகங்களில் சப்டைட்டில், சைகை மொழி, காட்சி விளக்கம் ஆகியவை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 20,000 வீடியோ சேர்ந்த பிறகு திருத்துவது மலை. அன்றைய வீடியோவை அன்றே சரிசெய்வது சிறு வேலை.

பதிவு செய்யும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். “இதை அதோடு கூட்டினால் இது வரும்” என்று பலகையைக் காட்டிச் சொன்னால், பார்வையற்ற மாணவருக்கு வெறும் இது, அது மட்டுமே மிஞ்சும். “இரண்டு எக்ஸோடு ஐந்தைக் கூட்டினால்” என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது சப்டைட்டில். யூடியூப் தானாகத் தருவதை அப்படியே நம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் ‘கேன்’, ‘கான்ட்’ இரண்டும் இடம் மாறினாலே ‘முடியும்’ என்பது ‘முடியாது’ ஆகிவிடும். சொந்த வீடியோ என்றால் யூடியூப் ஸ்டூடியோவில் ஒரு முறை படித்துப் பார்த்துத் திருத்தலாம். மற்றவர் வீடியோவைப் பகிர்வதாக இருந்தால், சப்டைட்டில் உள்ளவற்றை மட்டும் காட்டும்படி தேடும் வசதி யூடியூபிலேயே இருக்கிறது. கிடைத்ததிலும் எழுத்து சரியாக வருகிறதா என்று கொஞ்சம் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, லிங்க். பார்வையற்ற மாணவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர், பக்கத்தில் உள்ள லிங்குகளை வரிசையாக வாசித்துக் காட்டும். பத்து வீடியோவுக்கும் ‘இங்கே கிளிக் செய்க’ என்றே போட்டிருந்தால், அதையே பத்து முறை சொல்லும். ‘பாடம் 3: இதயத்தின் அமைப்பு, 12 நிமிடம்’ என்று எழுதினால் குழப்பமில்லை. பக்கத்தைத் திறந்ததும் வீடியோ தானாக ஓடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடினால், அந்தச் சத்தத்தில் ஸ்கிரீன் ரீடரின் குரல் அமுங்கிவிடும்.

இதெல்லாம் வகுப்பில் ஒருவருக்காகவா என்று கேட்கலாம். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, வேகமான ஆங்கிலத்தில் திணறும் முதலாண்டு மாணவிக்கும் அந்த சப்டைட்டில்தான் துணை. ஹாஸ்டல் அறையில் தூங்கும் தோழியை எழுப்பாமல் தேர்வுக்குப் படிப்பவளுக்கும் அதேதான். ஒருவருக்காக அகலப்படுத்திய வாசலில் எல்லோரும்தான் நுழைகிறார்கள்.