தடைக்கும் ஒரு முடிவு நாள் வேண்டும்

நெஞ்சைத் திறந்து செய்யப்படும் இருதய அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புவோர் தவறாமல் கேட்டுச் செல்லும் அறிவுரை, "பாரம் தூக்காதீர்கள்" என்பது. அது சரியான அறிவுரையே. ஆயினும் அது சில மாதங்களுக்கு மட்டுமே உரியது என்பதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. மூன்று மாதத் தடை மூன்று ஆண்டுகளாக நீள்கிறது. காய்கறிப் பையையும் தண்ணீர்க் குடத்தையும் அன்பின் மிகுதியால் அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறோம். எலும்பு கூடிய பின்னரும் மார்புத் தசைகளுக்கு வேலை கொடுக்காதிருப்பது உடலை மேலும் நலிவடையச் செய்கிறது என்பதே என் கருத்து.

தடை ஏன் விதிக்கப்படுகிறது? அறுவையின்போது மார்பெலும்பு நெடுக்காகப் பிளக்கப்பட்டு, பின்னர் உலோகக் கம்பியால் இணைக்கப்படுகிறது. அது கூடிவரப் பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் ஆகும். மார்பின் பெருந்தசைகள் இவ்வெலும்பின் இரு பக்கங்களிலும் பற்றியுள்ளன. கையால் பலமாகத் தள்ளினாலோ இழுத்தாலோ, அவை எலும்பை இரு புறமும் இழுக்கும். ஆகவே அக்காலத்தில் நடைப்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் போதுமானவை.

ஆனால் கதவைத் தள்ளவும், படுக்கையில் கையூன்றி எழவும், தடுமாறும்போது கையைக் கொடுத்துத் தாங்கவும் உதவுவது அதே தசைதான். வயது ஏற ஏறத் தசை இயல்பாகவே குறைகிறது. நீண்ட ஓய்வு அதனை விரைவுபடுத்துகிறது. பிறர் துணையின்றி எழ இயலுமா என்பது, முதியவர் ஒருவரின் அன்றாட வாழ்வையே தீர்மானிக்கும் கேள்வி.

"நடந்தால் போதாதா?" என்று கேட்பவர் உண்டு. நடை இருதயத்துக்கும் கால்களுக்கும் நல்லது. மார்புக்கும் கைகளுக்கும் அது வலுவூட்டுவதில்லை. முதியோரும் நாட்பட்ட நோயுள்ளோரும் உட்பட அனைவரும் வாரத்தில் குறைந்தது 2 நாள்கள் பெருந்தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைத்துள்ளது.

அப்படியானால் எந்தப் பயிற்சி? உடற்பயிற்சிக் கூடங்களில் பெஞ்ச் பிரஸ் சிறந்ததா, டம்பெல் சிறந்ததா என்று இளைஞர்கள் வாதிடுகின்றனர். தசைக்குக் கருவியின் பெயர் தெரியாது. சுமை மட்டுமே தெரியும். குறைந்த சுமையாயினும், தசை நன்கு களைக்கும் அளவுக்குச் செய்தால் அது வளரும். அவ்வகையில் நம் நோயாளிகளுக்கு மிகவும் ஏற்றது, செலவே இல்லாத தண்டால்தான். அதைத் தரையில் தொடங்க வேண்டியதில்லை; சுவரில் தொடங்கலாம்.

சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, தோள் அகலத்தில், மார்பு உயரத்தில் உள்ளங்கைகளைப் பதியுங்கள். மூச்சை உள்ளிழுத்தவாறு முழங்கைகளை மடக்கிச் சுவரை நெருங்குங்கள். மூச்சை வெளிவிட்டவாறு தள்ளி நிமிருங்கள். 8 முதல் 12 முறை செய்து, சற்று ஓய்ந்து, மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்யுங்கள். வாரத்தில் 2 அல்லது 3 நாள்கள், ஒருநாள் இடைவெளி விட்டுச் செய்தால் போதும். "இன்னும் இரண்டு முறை செய்யலாம்" என்ற நிலையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 15 முறை எளிதாகிவிட்டால், அசையாத கனமான மேசையின் விளிம்பில் கையூன்றிச் செய்யலாம். தரையில் செய்யும் தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளின்மேல் இறங்குகிறது. சுவரில் அதில் சிறு பகுதியே. கையூன்றும் உயரத்தைக் குறைப்பதே சுமையைக் கூட்டும் வழி. எல்லோரும் தரை வரை இறங்க வேண்டும் என்பதில்லை. தோள்வலி உள்ளோர் சுவரோடு நின்றுவிடலாம்.

சில எச்சரிக்கைகள் அவசியம். அறுவை மருத்துவரின் அனுமதியின்றித் தொடங்கலாகாது. மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். கைகளை அகல விரித்து எடை தூக்கும் பயிற்சிகள் மார்பெலும்பை வலுவாக இழுப்பவை. தொடக்கத்தில் அவற்றைத் தவிர்க்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், மார்பெலும்பில் அசைவு அல்லது 'டக்' என்ற ஒலி தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவமனையாகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. செய்யக்கூடாதவற்றை எழுதித் தரும் நாம், அத்தடை எப்போது முடிகிறது, அதன்பின் எதிலிருந்து தொடங்குவது என்பதையும் அதே தாளில் எழுதித் தர வேண்டும். அவ்வாறு எழுதப்படாவிடில், அடுத்த மறுபரிசோதனையின்போது நோயாளியோ உடன் வருபவரோ அதைக் கேட்டுப் பெறுங்கள்.