மாரிகாலத்து வண்டுச் சத்தம்



ஐப்பசி பிறந்துவிட்டது. காலபோக விதைப்புக்காக மழையை எதிர்பார்த்திருக்கும் நாங்கள்தான், இடி முழங்கினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் நிற்கிறோம். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பழக்கும் மாரிகால யோகப் பாடத்தைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். அந்தப் பாடத்தை நானே ஒரு பிழை விட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

போன மாரியில் ஒரு நாள், முற்றத்தில் வெள்ளம் நின்றதால் பிள்ளைகளை மண்டபத்துக்குள் வைத்து யோகா செய்வித்தேன். தவளை, பாம்பு, கொக்கு எல்லாம் முடிந்தபின் பாய்களில் வரிசையாகப் படுத்துக் கண்ணை மூடச் சொன்னேன். சவாசனம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையைக் கூட்டிப்போக வேளைக்கே வந்த ஒரு தாய் வாசலில் நின்று பார்த்தவர், குழறியபடி ஓடிவந்து தன் மகளை வாரித் தூக்கினார். மகள் அழ, மற்றப் பிள்ளைகளும் அழத் தொடங்கினார்கள்.

பிறகு விறாந்தையில் இருந்து மெல்லச் சொன்னார்: "கோவிக்காதேங்கோ ரீச்சர். 2009இலை இப்பிடி வரிசையாக் கிடந்தவையை நான் பார்த்தனான். பிள்ளையளை இப்பிடிக் கிடத்தாதேங்கோ."

நானும் அந்த வருடம் பங்கருக்குள் இருந்த பள்ளிப்பிள்ளைதான். சமூகவியலும் படித்தேன். இருந்தும் சவாசனம் என்ற பெயருக்குள்ளேயே சவம் இருப்பது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது அதைச் சாந்தி ஆசனம் என்றே சொல்கிறேன். பிள்ளைகள் தலைகளை நடுவில் வைத்துப் பூவிதழ்போல வட்டமாகப் படுப்பார்கள். ஒருக்களித்தும் படுக்கலாம், கண்ணைத் திறந்தும் வைத்திருக்கலாம். கதவு திறந்தே இருக்கும். தாய்மார் விரும்பினால் பக்கத்தில் வந்து இருக்கலாம். இந்த வயதுக்கு இரண்டு நிமிடமே தாராளம்.

இடிக்குத்தான் வண்டுச் சத்தம். யோகாசிரியர்கள் இதைப் பிரமரி என்பார்கள். மூக்கால் மூச்சை இழுத்து, வாயை மூடி, 'ம்ம்ம்' என்று வண்டைப்போல இரைந்தபடி மெதுவாக விடுவது. காதைப் பொத்திக்கொள்ளலாம், கண்ணைப் பொத்தச் சொல்வதில்லை. மூச்சை அடக்கிவைக்கவும் கூடாது. வெளிவிடும் மூச்சு நீளும்போது நெஞ்சின் படபடப்புக் குறையும். 'ஓம்' என்று சொல்லிப் பழக்குவோரும் உண்டு. எங்களிடம் கத்தோலிக்கப் பிள்ளைகளும் வருவதால் எனக்கு வண்டே வசதி.

இதோடு ஒரு விளையாட்டையும் சேர்த்திருக்கிறோம். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்க வேண்டும். ஒளி உடனே வந்துவிடும். சத்தம் ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய 3 செக்கன் எடுக்கும். எண்ணிக்கை கூடினால் இடி தூரத்தில். கிட்டவோ தூரவோ, இடி கேட்டால் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும், மரத்தின் கீழ் நிற்கக்கூடாது என்பதையும் சொல்லிக்கொடுக்கிறோம்.

சோளகம் வீசும் ஆனி, ஆடியில் பாடம் வேறு. வெயில் ஏறமுதல் முடித்துவிட வேண்டும். நாக்கைக் குழல்போலச் சுருட்டி மூச்சிழுக்கும் சீதளி அப்போது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நாக்குச் சுருளாத பிள்ளைகள் பல்லிடுக்கால் இழுக்கலாம். 2015 முதல் கொண்டாடப்படும் சர்வதேச யோகா தினமான யூன் 21 அந்தக் கோடைக்குள்தான் வருகிறது. படமெடுப்பதற்காகச் சிறுபிள்ளைகளை வெயிலில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மார்கழி, தைப் பனியில் இழுப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சியே வேண்டாம், கொக்காக நிற்கட்டும்.

"இதெல்லாம் பலன் தருமா?" என்று கேட்பீர்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற எமது உளமருத்துவர்களே, மக்களுக்குப் பழக்கமான தளர்வு முறைகளை உளவளத்துணையில் சேர்த்துக்கொண்டவர்கள். 2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கில் போரும் கடலும் வருத்திய 31 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குத் தம் கதையைச் சொல்லவைக்கும் சிகிச்சை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆளுக்கு 6 அமர்வுகள். உள்ளூரில் பயிற்சி பெற்றவர்களே நடத்தினார்கள். 2009இல் வெளியான முடிவின்படி இரு பகுதியினரும் நன்றாகத் தேறியிருந்தனர். ஒன்றுமே செய்யாத பிள்ளைகளோடு ஒப்பிடப்படவில்லை என்பதால் நான் அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். பேச்சு நின்றுபோன பிள்ளையையும், நித்திரையில் அலறி எழும் பிள்ளையையும் யோகாவோடு விட்டுவிடாமல் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள். தாய்மாருக்கும் அங்கே இடமுண்டு.

போன கிழமை இந்தப் பருவத்தின் முதல் இடி. அதே தாய் வாசலில் குடையோடு நின்றார். மின்னியதும் அவர் கை கதவைப் பிடித்ததைக் கண்டேன். மகள் ஓடிப்போய்ச் சீலையைப் பிடித்து, "அம்மா, எண்ணுங்கோ" என்றாள். இருவரும் எண்ணினார்கள். ஏழில் முழங்கியது.

"தூரத்திலைதான்," என்றாள் மகள்.