ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது!

சென்னை சென்ட்ரலில் ராத்திரி கிளம்பி ஈரோடு போகிற ரயிலுக்கு ‘ஏற்காடு எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். ஏறியவர்களுக்குத் தெரியும், அது ஏற்காட்டுக்குப் போகாது. போகவும் முடியாது. மலை மேல் தண்டவாளமே இல்லை. விடிவதற்கு முன்பே சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் ஏரியையும் காட்டையும் பார்க்கலாம்.

பெயர் மட்டும் ஏற்காடு. வண்டி போவதென்னவோ வேறு ஊருக்கு. தலைநகருக்கும் மற்ற ஊர்களுக்கும் இருக்கிற உறவும் பல சமயம் இப்படித்தான் இருக்கிறது.

எட்டு வழிச்சாலை நினைவிருக்கிறதா? 2018-ல் அறிவித்தார்கள். சென்னையிலிருந்து சேலத்துக்கு 277 கிலோமீட்டர், மதிப்பு 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஐந்து மாவட்டங்கள் வழியாகப் புத்தம் புதிதாக ஒரு சாலை. பயண நேரம் பாதியாகக் குறையும், டீசல் மிச்சமாகும், தொழில் வளரும் என்றது அரசு.

அந்தச் சாலை ஏற்காட்டுக்கு இல்லை. ஆனால், அதன் கடைசிப் பகுதி சேர்வராயன் மலைக்குக் கிழக்கே மஞ்சவாடி கணவாய் வழியாக இறங்கி, ஆச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர் பக்கமாக வருவதாகத் திட்டம். இந்தக் குப்பனூரிலிருந்துதான் ஏற்காட்டுக்கு இன்னொரு மலைப்பாதை ஏறுகிறது. மலையடிவாரத்துத் தோட்டங்களில் ஒருநாள் சர்வே கற்கள் முளைத்தன. கிணறு, தென்னை, வீடு என்று எதன் மேல் கோடு விழுந்ததோ, அந்தக் குடும்பம் அன்றிலிருந்து தூங்கவில்லை. கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். பெண்கள் வயலில் விழுந்து அழுத காட்சிகள் நம் எல்லோருடைய போனுக்கும் வந்தன. அந்த ஜூன் மாதம், சாலையை எதிர்த்துப் பேசிய சேலம் சூழலியல் செயற்பாட்டாளர் பியூஷ் மானுஷும், நடிகர் மன்சூர் அலிகானும் கைதானார்கள்.

‘சென்னைக்காரர்களின் வசதிக்காக எங்கள் நிலமா?’ என்பதுதான் அன்றைக்கு எழுந்த கோபத்தின் சாரம். ஆனால், விஷயம் அவ்வளவு எளிதல்ல. அப்போது முதல்வராக இருந்தவர் எடப்பாடி பழனிசாமி. சேலம் மாவட்டத்துக்காரர், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தன் மாவட்டத்துக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் சொன்னார். ஆக, இது சென்னையில் பிறந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடக்கிற சண்டை இல்லை. நம் ஊர்க்காரரே போய் உட்கார்ந்தாலும், நாற்காலி எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் வரைபடம் தெரிகிறது. அங்கிருந்து பார்த்தால் சேலம் ஒரு புள்ளி, சென்னை ஒரு புள்ளி. நடுவில் இருப்பது வெறும் தூரம். குப்பனூரில் நின்று பார்ப்பவருக்கு அந்தத் தூரம்தான் வீடு.

எண்ணிக்கையைப் பார்த்தாலும் ஆச்சரியம்தான். சட்டமன்றத்தில் 234 இடங்கள். அதில் சென்னை மாவட்டத்துக்கு 16 மட்டுமே. மீதி அத்தனையும் வெளியூர். ஓட்டுக் கணக்கில் சென்னை ரொம்பச் சின்னது. ஆனால் தலைமைச் செயலகம், துறைகளின் தலைமை அலுவலகங்கள், டி.வி ஸ்டூடியோக்கள் எல்லாம் அங்கேதான். பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் தமிழ்நாட்டிலேயே இரண்டுதான். ஒன்று சேந்தமங்கலம், இன்னொன்று ஏற்காடு. மலைமக்களின் குரல் 234-ல் இரண்டு.

சாலையை எதிர்த்தவர்கள் வழக்கு போட எங்கே போனார்கள் தெரியுமா? சென்னைக்குத்தான்! 2004-ல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தது. தென்மாவட்ட மக்களுக்கு அலைச்சல் குறைந்தது. சேலம் அந்தப் பட்டியலில் இல்லை. ‘சென்னைக்கு இவ்வளவு பெரிய சாலை வேண்டாம்’ என்று சொல்லவும் சென்னைக்கே பஸ் ஏற வேண்டியிருந்தது.

அங்கே நியாயமும் கிடைத்தது. 2019 ஏப்ரல் 8-ல் நிலம் எடுக்கும் அறிவிப்புகளை ரத்து செய்தது உயர் நீதிமன்றம். அரசின் பெயருக்கு மாற்றிய வருவாய்ப் பதிவுகளைத் திரும்ப மாற்றச் சொன்னது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், அறிவிப்புகள் செல்லும் என்றது. ஆனால், சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்றும் சொன்னது. சாலை இன்னும் வரவில்லை.

இந்த இடத்தில் என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். சென்னையில் ஒரு மணி நேரம் மழை பெய்தால் ‘லைவ் அப்டேட்ஸ்’ திறந்துவிடுவோம். எந்தச் சுரங்கப்பாதையில் எவ்வளவு தண்ணீர் என்பதுவரை எழுதுவோம். ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தால் நாலு வரிச் செய்தி. அதிலும் ‘சுற்றுலாப் பயணிகள் அவதி’ என்றுதான் தலைப்பு வைக்கத் தோன்றும். அந்தப் பாதையில்தான் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் காலேஜுக்கு இறங்குகிறார்கள், கர்ப்பிணிகள் சேலம் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்பது அந்தத் தலைப்பில் வருவதே இல்லை. மலைமேல் வாழ்கிறவர்களை விட்டுவிட்டு, பார்க்கப் போனவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதற்காகச் சென்னையைத் திட்டுவதில் அர்த்தமில்லை. தீபாவளிக்கு முந்தைய ராத்திரி கிளாம்பாக்கத்தில் நின்று பாருங்கள்; சென்னையில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்களோ என்று தோன்றும். நமக்கெல்லாம் சோறு போடுகிற ஊர் அது. ஆனால் அந்த ஊருக்குக் குடிக்கத் தண்ணீர், கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து குழாயில் வருகிறது. இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. முடிவெடுப்பது மட்டும்தான் ஒரே பக்கம்.

மாற்ற முடியாதா? மகாராஷ்டிராவின் தலைநகர் மும்பை. ஆனால் குளிர்காலக் கூட்டத்தொடரை நாக்பூரில் நடத்துகிறார்கள். கர்நாடகா, பெலகாவியில் 2012-ல் இன்னொரு சட்டமன்றக் கட்டடமே திறந்தது. இங்கேயும் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றும் யோசனை எம்.ஜி.ஆர் காலத்தில் வந்து, அப்படியே போனது. தலைநகரை மாற்றக்கூட வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை சட்டமன்றம் சேலத்திலோ நெல்லையிலோ கூடட்டும். ஒரு திட்டம் வரும்போது, சர்வே கல் நடுவதற்கு முன்பு அந்த ஊர் கிராம சபையில் வரைபடத்தை விரித்துக் காட்டட்டும்.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் வழிவழியாக ஒரு கதை உண்டு. அவர்களின் முன்னோரான அண்ணன் தம்பிகள் மூன்று பேர் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்தார்களாம். மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்க, மற்ற இருவரும் பச்சமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்களாம். அந்தக் கதைப்படி பார்த்தால், காஞ்சிபுரத்திலிருந்து இந்த மலைக்கு வழி கண்டுபிடித்தது நெடுஞ்சாலைத் துறை இல்லை. இவர்கள்தான்!

அடுத்த முறை யாராவது வரைபடத்தில் கோடு போடும்போது, இவர்களிடம் ஒரு வார்த்தை வழி கேட்கலாமே!