நத்தைக் குஞ்சுகளும் கிணற்று நீரும்
யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஏனைய பகுதிகளைப் போலவே அரியாலையும் சுண்ணாம்புக்கற் படுகையின்மேல் அமைந்திருப்பதால், அங்குள்ள நன்னீர்க் கிணறுகளில் கரைந்திருக்கும் கல்சியம், மீன்தொட்டியில் வளர்க்கப்படும் அப்பிள் நத்தையின் குஞ்சுகளுக்கு ஓடு உறுதிப்படப் பெரிதும் உதவுகிறது. கடனீரேரியை அண்டிய கிணறுகளில் உவர் ஏறுவதுண்டு, அந்நீர் இவற்றுக்கு ஆகாது. தொட்டி மாற்றும்போது குஞ்சை ஓட்டிற் பிடித்து இழுப்பது, உடலை ஓட்டோடு பிணைக்கும் தசையைக் கிழித்துவிடக்கூடும் என்பதால், அது ஒட்டியிருக்கும் இலையோடு எடுத்து, புதிய நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கிய பின்னரே விடுதல் வேண்டும். மீன்நோய்க்கெனச் செப்பு மருந்து இட்ட தொட்டி நத்தைக்கு நஞ்சு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்நத்தையினம் இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியிருக்க, மிஞ்சிய குஞ்சுகளை இரக்கத்தின் பெயரால் ஊர்க் குளத்தில் விடுவது, அக்குளத்தின் இயல்பான உயிர்களுக்கு இழைக்கப்படும் தீங்கேயாகும்.