வழியில் இருக்கும் வண்ணப் பாறைகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் படத்தைப் பாராத மாணவர் இன்று அரியர். அப்பாலை நிலத்தில் கொலராடோ ஆறு பாறையை அறுத்து, 446 கிலோமீட்டர் நீளத்துக்குப் பள்ளத்தாக்கை உண்டாக்கியுள்ளது. செம்மை, மஞ்சள், வெண்மை எனப் பாறைகள் அடுக்கடுக்காகக் காட்சி தரும் அவ்விடம் 1919ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாயிற்று. அதனைக் காணக் கடல் கடந்து செல்வது தவறன்று. ஆனால், அத்தகைய காட்சி ஒன்று தாய்நிலத்துக்குச் செல்லும் வழியிலேயே இருப்பதை மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழர் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

அக்காட்சியின் பெயர் கண்டிக்கோட்டை. ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பை மாவட்டத்தில், ஜம்மலமடுகு என்னும் ஊருக்கு அருகில் அது அமைந்துள்ளது. கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பெண்ணாறு, எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு அங்கே பாய்கிறது. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு. ஆற்றின் மேல் செங்குத்தாக நிற்கும் செந்நிறப் பாறைகளே கோட்டைக்கு ஒரு பக்க மதிலாக விளங்குகின்றன. கோட்டைக்குள் மாதவராயர் கோயிலும் பெரிய பள்ளிவாசலும் பழைய தானியக் களஞ்சியமும் உள்ளன.

கடப்பைப் பகுதியின் அடுக்குப் பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பழங்காலக் கடலின் அடியில் மணலும் வண்டலும் படிந்து, இறுகிப் பாறையாயின. அவற்றில் கலந்துள்ள இரும்பு, உயிர்வளியோடு சேர்ந்து துருவேறுவதே செந்நிறத்துக்குக் காரணம். பூட்டில் ஏறும் துருவும் பாறையின் செம்மையும் ஒரே வேதிமாற்றத்தின் விளைவுகளே. இதனைப் பாடநூலில் படிப்பது ஒன்று. பாறையின் முன் நின்று உணர்வது வேறொன்று.

மும்பையிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். மும்பையிலிருந்து புறப்பட்டுத் தமிழகம் செல்லும் வண்டிகள் பல, சோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல், கடப்பை வழியாகவே செல்கின்றன. சோலாப்பூர் வரை எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. ராய்ச்சூர்ப் பக்கம் கருங்கல் உருண்டைகள். அதன்பின் கடப்பையின் அடுக்குப் பாறைகள். ஒரே பயணத்தில் மூவகை நிலம் சன்னலுக்கு வெளியே கடந்து போகிறது. மாட்டுங்காவின் பழைய வீடுகளில் சமையல் மேடையாகவும் அலமாரித் தட்டாகவும் கிடக்கும் கடப்பைக் கல்லும் அந்த மண்ணிலிருந்து பெயர் பெற்றதே. கல் வீட்டுக்குள் வந்துவிட்டது. கல் பிறந்த ஊரை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மூட்டை முடிச்சுகளோடும் முதியோரோடும் நடுவழியில் இறங்க இயலுமா என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. பெரும்பாலோர் ஊருக்குச் செல்லும் மே மாதத்தில் அங்கே வெயிலும் கடுமையானது. ஆகவே குளிர்கால விடுமுறையில் செல்வதே தக்கது. கடப்பையில் இறங்கினால் சாலை வழியே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஒரு நாள் ஒதுக்கினால் போதும். குடும்பத்தால் இயலாவிடில், பள்ளிகளே தம் கல்விச் சுற்றுலாவில் இதனைச் சேர்க்கலாம். கேளிக்கைப் பூங்காவுக்குச் செலவிடும் நாள்களுள் ஒன்றையேனும் பாறைக்கு அளிப்பது பயனுடையது.

அதற்குள் மும்பையிலேயே ஒரு பாடம் காத்திருக்கிறது. அந்தேரியில் நிற்கும் கில்பர்ட் குன்று, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு குளிர்ந்து உருவான பாறைத் தூண். அதன் உயரம் ஏறத்தாழ 200 அடி. அதைப் போன்ற தூண்கள் அருகிலுள்ள ஜோகேஸ்வரியிலும் இருந்தன. கல்லுக்காக அவை உடைக்கப்பட்டன. எஞ்சிய குன்றை மாநகராட்சி 2007ஆம் ஆண்டு பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்குள் கட்டடங்கள் அதன் அடிவாரத்தை நெருங்கிவிட்டன. காடு அழிந்தால் மீண்டும் நடலாம்; பாறை அழிந்தால் மீண்டும் நட இயலாது.

எனவே, காணச் செல்வோருக்குக் கடமையும் உண்டு. பாறையில் பெயர் செதுக்குதல், நெகிழிக் குப்பையை எறிதல், படம் எடுப்பதற்காக விளிம்பில் நிற்றல் ஆகியவை கூடா. நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, பாலைக்கும் அதில் இடமளித்தது தமிழ் மரபு. அம்மரபில் வந்தோர் வறண்ட நிலத்தையும் பாறையையும் வெறும் கடந்து செல்லும் தொலைவாக எண்ணலாகாது. அடுத்த பயணத்துக்குச் சீட்டு எடுக்கும்போதே, கடப்பையில் ஒரு நாள் தங்குவதைப் பற்றி வீட்டில் பேசத் தொடங்குவது நல்லது.

சொற்பொருள்
உயிர்வளி – ஆக்சிஜன்
வண்டல் – நீர் கொணர்ந்து படியவைக்கும் மண்
களஞ்சியம் – தானியம் சேர்த்து வைக்கும் இடம்

சிந்தித்து எழுதுக
1. பாறைகள் செந்நிறம் பெறுவது எவ்வாறு?
2. கில்பர்ட் குன்றிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் யாது?
3. நடுவழியில் இறங்கிக் காண வேண்டும் என்னும் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் தந்து எழுதுக.