மேட்ச் ஆனா போதுமாய்யா?

பொட்டி தட்டற நம்ம மக்கள் மேல எனக்கு ஒரு கோவம். ரொம்ப நாளா உள்ள வச்சிருந்தது, இன்னிக்கு இறக்கி வச்சிடறேன்.

மிடில்வேர்ங்கறது ஒரு தரகர். ஆர்டர் எடுக்கற சிஸ்டம் இந்தப் பக்கம், டேட்டாபேஸ் அந்தப் பக்கம், நடுவுல இவர். அந்தப் பக்கம் நுழைய ஒரு யூசர் ஐடி, பாஸ்வேர்டை இவர்கிட்ட குடுத்து வச்சிருப்போம். குடுத்தது சரியான்னு பாத்தாச்சுன்னு எல்லாரும் எக்செல்ல டிக் அடிக்கறாங்க. அந்த டிக்கைத்தான் நான் நம்பமாட்டேங்கறேன்.

ஐபிஎம் ஆப் கனெக்ட்டை எடுத்துக்கங்க (2018 வரைக்கும் இன்டக்ரேஷன் பஸ்னு பேரு). அதுல எம்க்யூஎஸ்ஐ ரிப்போர்ட் டிபி பார்ம்ஸ்னு ஒரு கமாண்ட். பேர் வச்சவருக்கு ஒரு கும்பிடு! சேமிச்ச பாஸ்வேர்டை அது காட்டாது. நல்லதுதான். நாம ஒண்ணை டைப் பண்ணா, உள்ள இருக்கறதும் அதுவும் ஒண்ணான்னு மட்டும் சொல்லும். எதிர்ப்பக்கக் கதவு அந்தப் பாஸ்வேர்டுக்குத் திறக்குமான்னு அதுக்குத் தெரியாது.

எங்க கதையைக் கேளுங்க. லைவ்ல ஒரு சர்வர், ஸ்டாண்ட்பையா இன்னொண்ணு. பாஸ்வேர்டை ரெண்டுலயும் மாத்தினாங்க. அதுல நடுவுல ஒரு டாலர் குறி. லைவ்ல போட்டவர் ஒற்றை மேற்கோளுக்குள்ள போட்டார், தப்பிச்சார். ஸ்டாண்ட்பையில போட்ட தம்பி இரட்டை மேற்கோள். டாலரையும் அதுக்குப் பின்னாடி இருந்த எழுத்துகளையும் வேரியபிள்னு நெனச்சு லினக்ஸ் ஷெல் முழுங்கிடுச்சு. பாதி பாஸ்வேர்ட்தான் உள்ள போச்சு. அப்புறம் சரிபார்த்தார், அதே இரட்டை மேற்கோளோட! ரெண்டு பாதியும் அழகா மேட்ச் ஆச்சு. டிக்.

ஆறு வாரம் கழிச்சு லைவ் சர்வர் படுத்துச்சு. ஸ்டாண்ட்பையை எழுப்பினோம். அது தப்புப் பாஸ்வேர்டோட ஆரக்கிள் கதவைத் தட்டோ தட்டுன்னு தட்டுச்சு. ஆரக்கிளோட டீஃபால்ட் ப்ரொஃபைல்ல 10 தடவை தப்பா போட்டா அக்கவுண்ட் லாக். லைவ் சர்வரைத் திரும்ப எழுப்பினா அதுவும் உள்ள போகமுடியல, ரெண்டுக்கும் ஒரே அக்கவுண்ட்தானே. ராத்திரி ரெண்டு மணிக்கு டிபிஏவை எழுப்பி, அவர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதெல்லாம் தனிப் பதிவுக்கான மேட்டர்.

தம்பியை நான் குத்தம் சொல்லமாட்டேன். செக்லிஸ்ட்ல இருந்ததை அப்படியே செஞ்சார். அந்தச் செக்லிஸ்ட்டை எழுதினவங்களைத்தான் கேக்கறேன். ஆடிட்டுக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் கிடைச்சா வேலை முடிஞ்சுதா?

உடனே சில அதிபுத்திசாலிகள் "அப்ப பாஸ்வேர்டை டிகோட் பண்ணிப் பாத்துடலாமே"ம்பாங்க. ஐயா சாமி, அது இதைவிட மோசம். அப்புறம் அது நாலு பேர் மெயில்ல சுத்தும். கையால எஸ்க்யூஎல் ப்ளஸ்ல லாகின் பண்ணிப் பாத்தாலும் பிரயோஜனம் இல்ல. நீங்க டைப் பண்ணது சரின்னுதான் அது காட்டும், உள்ள இருக்கறது சரின்னு இல்ல.

தரகரையே அனுப்பிப் பாக்கணும். சேமிச்ச அதே பாஸ்வேர்டோட ஒரு குட்டி டெஸ்ட் ஃப்ளோ, டூயல் டேபிள்ல ஒரே ஒரு செலக்ட். ஒரு தடவைதான், ரீட்ரை கூடாது. ஸ்டாண்ட்பையில ஃப்ளோ ஓட்டினா ஆர்டர் டபுளாயிடும்னு பயமுறுத்துவாங்க. டூயல்ல என்னய்யா ஆர்டர் இருக்கு?

அடுத்த வாரம் எங்க டீம்ல மறுபடி பாஸ்வேர்ட் மாத்தறாங்க. டெஸ்ட் ஃப்ளோ ஓடாம நான் கையெழுத்துப் போடறதா இல்ல. மேனேஜர் இதைப் படிச்சாலும் சரி.